பத்து வருடத்துக்கு மேல் மனநல மருத்துவமனையில் இருந்த அக்காவை வெளியே அழைத்து வர வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

சஞ்சீவிமலை எழுதியது:

வணக்கம். ராஜபாளையம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 46 வயது. மனச்சிதைவு நோய். அம்மா இருந்தவரை மாத்திரை கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொண்டார். அம்மா தவறிய பிறகு மாத்திரை நின்றது. அக்கா யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுவார், தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வருவோம், மறுபடி போய்விடுவார். கடைசியில் வெளியூரில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். அது ஆச்சு, பத்து வருடத்துக்கு மேல்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் கூப்பிட்டு, அக்கா ரொம்ப நாளாகவே நன்றாக இருக்கிறார், இங்கே வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, வெளியே கூட்டிப் போவதைப் பற்றி யோசியுங்கள் என்றார். அக்காவும் அதையேதான் கேட்கிறார். அங்கே தொழிற்பயிற்சிக் கூடத்தில் தலையணை உறை தைக்கிறார், பேச்சு தெளிவாக இருக்கிறது, என் பையன் இப்போது எந்த வகுப்பு என்பது வரை ஞாபகம் வைத்திருக்கிறார். "அம்மாவோட தையல் மெஷினை யாருக்கும் கொடுத்துடலியே?" என்று இந்த முறை கேட்டார். கொடுக்கவில்லை, இருக்கிறது.

என் நிலைமை இது. இரண்டு அறை உள்ள வாடகை வீடு. நானும் மனைவியும் மில் வேலை, இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். பையன் பத்தாவது, பெண் ஏழாவது. மனைவிக்கு அக்கா மேல் கோபம் ஒன்றும் இல்லை, பயம்தான். நோய் முற்றியிருந்த நேரத்து அக்காவைத்தான் அவர் பார்த்திருக்கிறார், இப்போது இருக்கிற அக்காவை அவருக்குத் தெரியாது. அம்மா பெயரில் ஒரு சின்ன ஓட்டு வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அந்தப் பணத்தில்தான் அக்காவைப் பார்க்கப் போய்வரும் செலவு ஓடுகிறது.

நேராக வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமா, அல்லது நடுவில் வேறு ஏதாவது இடம் உண்டா? இரவில் குளோசபின் மாத்திரை போடுகிறார், அது எங்கள் ஊரில் கிடைக்குமா? பகல் முழுக்க நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் அவர் தனியாக இருக்கலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மதுரை_சமூகப்பணி எழுதியது:

அண்ணா, நான் மனநலச் சமூகப் பணியாளர். உங்கள் கேள்வியை மாதத்தில் இரண்டு மூன்று குடும்பமாவது என்னிடம் கேட்கும்.

டிஸ்சார்ஜ் தேதி குறித்த பிறகு ஓட ஆரம்பிக்காதீர்கள், வேலை எல்லாம் அதற்கு முன்னால்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வெளியே அனுப்பும் முன் டாக்டர் உங்கள் அக்காவிடமும், அவர் யாரோடு இருக்கப் போகிறாரோ அவர்களிடமும், இனிமேல் அவரைப் பார்க்கப் போகிற டாக்டரிடமும் கலந்து பேசி, என்ன சிகிச்சை, என்ன உதவி என்று திட்டம் போட வேண்டும். அதை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கேளுங்கள். அங்கே சமூகப் பணியாளர் கட்டாயம் ஒருவர் இருப்பார், அவரைப் பிடியுங்கள். அந்தப் பேச்சில் அக்காவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முடிவெடுத்துவிட்டு அவருக்குத் தகவல் சொல்வது என்று ஆகிவிடக் கூடாது.

ஒரேயடியாக அழைத்து வர வேண்டும் என்பதில்லை. சில நாள் விடுப்பில் வெளியே அனுப்பிப் பார்க்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. முதலில் ஒரு வார இறுதி, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் பொங்கலோ பங்குனித் திருவிழாவோ வந்தால் அதை ஒட்டிப் பத்து நாள். ஒவ்வொரு முறையும் எது சரியாக இருந்தது, எது சிரமம் என்று அக்காவும் சொல்லட்டும், உங்கள் மனைவியும் சொல்லட்டும். பயப்படுகிறவரிடம் பயப்படாதே என்று சொல்லிப் பயனில்லை. இரண்டு நாள் சேர்ந்து சமைத்தால் பாதி பயம் தானாகப் போகும். வாய்ப்பு இருந்தால் அடுத்த முறை பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.

மாத்திரை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இடம் மாறும் அந்த நாட்களில்தான் கோட்டை விடுகிறார்கள். குளோசபின் நல்ல மருந்து, ஆனால் கூடவே கண்காணிப்பு வேண்டும். ரத்த வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்கப் பரிசோதனை உண்டு. தொடங்கிய முதல் 18 வாரம் வாரா வாரம், அதற்குப் பிறகு இடைவெளி விட்டு. உங்கள் அக்காவுக்கு எவ்வளவு நாளுக்கு ஒரு முறை, கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருக்காதீர்கள், அன்றே டாக்டரைப் பார்த்து ரத்தம் எடுக்க வேண்டும். மலச்சிக்கலையும் லேசாக விடாதீர்கள், இந்த மருந்தில் அது ஆபத்தாக முடியலாம். இன்னொன்று, இரண்டு நாளுக்கு மேல் இந்த மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவில் அப்படியே திரும்பப் போடக் கூடாது. குறைந்த அளவிலிருந்து டாக்டர்தான் மறுபடி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் புறப்படும்போது குறைந்தது ஒரு மாத மாத்திரை கையில் இருக்கட்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார், இந்த மாத்திரை அங்கே இருப்பில் இருக்கிறதா என்று நீங்களே நேரில் போய் இப்போதே விசாரித்து வையுங்கள். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

அடுத்து காகிதங்கள். ஆதார் இருக்கிறதா? ரேஷன் கார்டில் பெயர் இன்னும் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா? வங்கிக் கணக்கு? இவை முதலில். பிறகு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மனநோய்க்கும் உண்டு, பல பேருக்கு இது தெரிவதில்லை. தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு விஷயத்தையும், எவ்வளவு காலமாக நோய் இருக்கிறது என்பதையும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் சலுகைகளுக்கு வழி திறக்கும். மருத்துவமனையில் இருக்கும்போதே சான்றிதழ் வாங்கிவிடுவது சுலபம், அவருடைய பழைய கேஸ் ஷீட் எல்லாம் அங்கேயே இருக்கும்.

---

நேர்பேச்சு எழுதியது:

யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். பெண் பிள்ளை இருக்கிற வீடு, பையனுக்குப் பத்தாவது. இந்த நேரத்தில் இதைத் தலையில் ஏற்றிக்கொண்டால் குடும்பம் நொறுங்கிவிடும். என் சித்தப்பா வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாதம் பணம் கட்டினால் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹோம்கள் நிறைய இருக்கின்றன. நல்லதாக ஒன்று பார்த்துச் சேர்த்துவிட்டு மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

---

தாம்பரம்_லோக்கல் எழுதியது:

நேர்பேச்சு அண்ணா, உங்கள் சித்தப்பா வீட்டில் பட்ட கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். நானே மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்தவன். இப்போது மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் இருக்கிறேன், ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை.

ஹோம் என்று சொல்வது சுலபம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் அப்படி ஓர் இடத்தில்தான் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். எல்லா இடமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் சஞ்சீவிமலை அண்ணா அப்படி எதையாவது பார்க்கப் போனால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும், சொல்லாமல் ஒரு நாள் போய் நிற்க வேண்டும், கதவு உள்ளேயிருந்து திறக்கிறதா வெளியே பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அங்கே இருக்கிறவர்கள் தங்கள் உடையைத்தான் உடுத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பொதுவாகத் துவைத்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொள்கிற இடம் என்றால் அங்கே மனிதனுக்குப் பெயர் இல்லை என்று அர்த்தம்.

அப்புறம், வீடு இல்லையென்றால் ஹோம் என்று இரண்டே வழி இருப்பதாக நினைக்க வேண்டாம். 2015இலிருந்து பான்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றை நடத்துகிறது. வருடக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் இருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு உதவி தேவையோ அதற்கேற்பப் பணியாளர் கூட இருப்பார். கடைக்குப் போவது, சமைப்பது, சண்டை போட்டுச் சமாதானம் ஆவது எல்லாம் அவர்களுடையது. நான் அந்தத் திட்டத்தில் இல்லை, ஆனால் அந்த வழியில்தான் வாழ்கிறேன், அதனால் முடியும் என்று தெரியும்.

அண்ணா, உங்கள் அக்கா என்ன கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. மெஷின் எங்கே என்று கேட்கிறவருக்கு வெளியே போய் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கணக்கு மனதில் இருக்கிறது. அதை விரிவாகக் கேளுங்கள். யாரோடு இருக்க ஆசை, எதற்குப் பயம், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தால் உடம்புக்குச் சரியாக இருக்கும். இரவு மாத்திரையின் மயக்கம் எனக்குக் காலை ஒன்பது வரை இருக்கும். அதனால்தான் பத்து மணிக்குத் தொடங்குகிற வேலையாகத் தேடிப் பிடித்தேன். ஆறு மணிக்கு எழுப்பி 'சோம்பேறி' என்று சொல்கிற வீட்டில் இருந்திருந்தால் திரும்பவும் உள்ளேதான் போயிருப்பேன்.

வெளியே உலகம் எவ்வளவு மாறிவிட்டது என்பதும் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும், அவருக்கு அப்படியில்லை. அவர் உள்ளே போனபோது இருந்த 500 ரூபாய் நோட்டு இப்போது செல்லாது. கடையில் எல்லோரும் போனை நீட்டிப் பணம் கட்டுகிறார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. விடுப்பில் வரும்போது ஒரு நாள் அவரையே காய்கறி வாங்க விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். மீதிச் சில்லறையை எண்ண நேரமாகும், ஆகட்டும்.

---

காவிரிக்கரை எழுதியது:

தம்பி, எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. என் நாத்தனார் இதே போல நெடுநாள் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர், அதனால் வீட்டுக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன், சட்டம் எனக்குத் தெரியாது.

வந்த புதிதில் அவர் சாப்பாட்டை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுத் தட்டோடு எழுந்து நிற்பார். எங்கே வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லும்வரை நிற்பார். பாத்ரூம் போவதற்குக் கூட "போயிட்டு வரட்டுமா" என்று கேட்பார். சோப்புத் துண்டைத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். இதையெல்லாம் நோய் என்று நினைத்து நாங்கள் பயந்தோம். டாக்டரம்மாதான் சொன்னார், இது வார்டு பழக்கம், வரிசையில் நின்று வாழ்ந்த பழக்கம், தானாகப் போகும், நீங்கள் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள் என்று. போயிற்று. சோப்பு மட்டும் ரொம்ப நாள் இருந்தது, இருந்தால் என்ன?

அவருக்கென்று பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டி கொடுங்கள், தகரப் பெட்டியானாலும் சரி. அதை நீங்கள் திறக்காதீர்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று அவர் கையில் பணம் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். சமையலில் ஒரு வேலை அவருடையதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் சாயங்கால டீ நாத்தனார் பொறுப்பு. சர்க்கரை அதிகமாகப் போடுவார், நாங்கள் குடித்தோம், நான்கு மணியானால் எல்லோரும் அவரைத் தேட ஆரம்பித்தோம்.

அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். தெரு முழுக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடமும், மளிகைக் கடைக்காரரிடமும் மட்டும், 'எங்க அக்கா, உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார், இப்போது நல்லாயிட்டார், உங்களுக்கு ஏதாவது கவலையாகத் தோன்றினால் எனக்கு ஒரு போன் போடுங்கள்' என்று நம்பரைக் கொடுத்து வையுங்கள். பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பத்தாவது படிக்கிற பையனுக்கு எல்லாம் புரியும், மறைத்தால்தான் பயம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மனைவி மேல் எல்லாப் பாரமும் விழும், கவனமாக இருங்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப் போவது உங்கள் வேலையாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது என் தலையில்தான் விழுந்தது. நான் அவர் மேல் கோபப்பட்ட நாளெல்லாம் உண்மையில் என் வீட்டுக்காரர் மேல் இருந்த கோபம்தான்.

---

சஞ்சீவிமலை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரவு ஷிப்ட் முடித்து வந்து நானும் மனைவியும் சேர்ந்து படித்தோம். காவிரிக்கரை அம்மா எழுதியதை மனைவி இரண்டு முறை படித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் என்னோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நேற்று அக்காவிடம் போனில் பேசினேன். தாம்பரம் தம்பி சொன்னபடி, யாரோடு இருக்க ஆசை என்று நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உன் வீட்ல இடம் பத்தாது, அம்மா வீட்ல யார் இருக்கா?" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வாடகைக்கு இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவரைத் தனியாக ஒரு வீட்டில் விடுவது நடக்கிற காரியமா? அம்மா உயில் எதுவும் எழுதவில்லை, வீட்டு வரி ரசீது இன்னும் அம்மா பெயரில்தான் வருகிறது. நோய் இருப்பதால் அக்காவுக்கு அதில் பங்கு கிடையாது, எல்லாம் எனக்குத்தான் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

---

மதுரை_சமூகப்பணி எழுதியது:

சரியில்லை அண்ணா, முழுக்கத் தவறு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, அப்பா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, நோய் இருக்கிறது என்பதற்காக யாருக்கும் வாரிசுரிமை இல்லாமல் போகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வரும் வாடகையிலும் அக்காவுக்குப் பங்கு உண்டு. சொந்தக்காரரிடம் சண்டை வேண்டாம், வாரிசுச் சான்றிதழில் அக்கா பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வெளியே வசதி இல்லை என்பதையெல்லாம் காரணம் காட்டி ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. குடும்ப வீட்டில் வாழ அவருக்கு உள்ள உரிமையைப் பற்றியும் அதே பிரிவு பேசுகிறது.

தனியாக விடுவதா என்று கேட்டீர்கள். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்த ஆண்கள் யாரோடு இருந்தால் எப்படி இருக்கிறார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, அண்ணன் தம்பி அக்கா தங்கையோடு போனவர்களும் தனி அறை எடுத்துத் தங்கியவர்களும் மறுபடி நோய் முற்றாமல் நன்றாக இருந்தார்கள். அந்த வழியில் அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளில் காரணம் தெளிவானது. ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது, இவை இருக்கிற வீட்டில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னும் அதிகம். நம் ஊர்க் குடும்பங்களில் இந்தக் குறை சொல்லும் போக்கு லண்டனில் கண்டதைவிடக் குறைவு என்று சண்டிகரில் நடந்த ஆய்வு சொன்னது, அது நமக்கு நல்ல செய்தி. ஆனாலும் இரண்டே அறையில் ஐந்து பேர், அதில் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் இருவர் என்றால் யாருக்கும் எரிச்சல் வரும், யார் மேலும் தப்பு இல்லை.

அதனால் உங்கள் அக்கா கேட்டது நடக்காத காரியம் இல்லை. இரண்டு தெரு தூரம் என்பது நல்ல தூரம். இரவுச் சாப்பாடு உங்கள் வீட்டில், மாத்திரையும் அங்கேயே, பிறகு அவர் வீட்டில் படுக்கை என்று ஒரு வழக்கம் வைக்கலாம். தொடக்கத்தில் இரவில் துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கும், சொந்தத்தில் தனியாக இருக்கிற பெரியம்மா, சித்தி யாராவது இருந்தால் அவர்களுக்கும் அது துணைதான். ஆனால் குடியிருப்பவர்களை உடனே காலி செய்யச் சொல்லிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று விடுப்பு உங்கள் வீட்டிலேயே நடக்கட்டும், அடுப்பு, கேஸ், பணம், பஸ் இதிலெல்லாம் அவருக்கு எவ்வளவு கைப்பழக்கம் இருக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். மறுபடி நோய் தலைகாட்டினால் முதலில் என்ன தெரியும் என்று அக்காவிடமே கேட்டு எழுதி வையுங்கள். சிலருக்குத் தூக்கம் போகும், சிலர் குளிப்பதை விடுவார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அது தெரிந்தால் எங்கே கூட்டிப் போக வேண்டும், யார் கூட்டிப் போவது என்பதையும் அவர் நன்றாக இருக்கும்போதே பேசி முடித்துவிடலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கென்றே 'முன் அறிவுறுத்தல்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. தனக்காகப் பேச யார் வேண்டும் என்று அவரே ஒருவரை நியமிக்கலாம், அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

---

தாம்பரம்_லோக்கல் எழுதியது:

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த மெஷினுக்கு எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்ற வேண்டியிருந்தால் மாற்றி வையுங்கள். உங்கள் மில் ஆட்கள், தெருப் பெண்கள் யாராவது ஜாக்கெட் ஓரம் அடிக்க, புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தால் போதும். கூலியை அக்கா கையில் கொடுக்கச் சொல்லுங்கள், உங்களிடம் வேண்டாம்.

---

சஞ்சீவிமலை எழுதியது:

பங்கு விஷயத்தைச் சொந்தக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன். வாரிசுச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பார்த்தேன், அக்கா பெயர் முதலில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் வரும் கிழமையைக் கேட்டுவிட்டேன், குளோசபின் இருப்பு எப்படி என்பதை மருந்தகத்தில் திங்கட்கிழமை வந்து கேட்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போய், விடுப்புக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம். காவிரிக்கரை அம்மா, ஒரே ஒரு சந்தேகம். முதல் தடவை வரும்போது சொந்தக்காரர்களை எல்லாம் வரச் சொல்லலாமா? அத்தை, மாமா எல்லோரும் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

வேண்டாம் தம்பி. முதல் தடவை உங்கள் நான்கு பேரோடு மட்டும் இருக்கட்டும். கூட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்கு 'என்னைத் தெரியுதா' என்று கேட்பார்கள், அது அவருக்கு வேண்டாம். அத்தையை இரண்டாவது தடவைக்கு வரச் சொல்லுங்கள், அதுவும் அக்காவிடம் கேட்டுவிட்டு.